அறப்பள்ளியின் வளர்ச்சியும் அளவறிதலும்

ஏழைச் சிறார்க்குப் பொருள் பெறாது கல்வி கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்துவோர் எல்லாரும் ஒருநாள் ஒரு வினாவின் முன் நின்றே தீர்வர். வாயிலிலே பிள்ளைகள் பலர் நிற்கின்றனர். உள்ளே இடமுங் குறைவு, பொருளுங் குறைவு. இவ்வாண்டே எல்லாரையுஞ் சேர்த்துக்கொள்வதா, அன்றி இயன்ற சிலரை மாத்திரஞ் சேர்த்து ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பெருக்குவதா? இது கணக்கெழுதுவோன் தீர்க்கவேண்டிய வினாவென்று சிலர் நினைப்பர். அங்ஙனமன்று. இஃது அறநூல் வினா. உட்புகுந்து நோக்குவார்க்குச் சித்தாந்த வினாவுமாம். ஆதலின் இதனைச் சைவ நன்மக்கள் முன்னிலையில் வைத்து ஆராய்தல் தகுமென்று துணிந்தேம்.

விரைந்து பெருக்கவேண்டுமென்பார் கூற்றை முதற்கண் உள்ளவாறே எடுத்து மொழிதும். பிறர் கூற்றை மெலிவித்துக் கூறிப் பின் அதனை வெல்லுதல் நேர்மையன்று. அவர் கூறுவது வருமாறு: பசித்தவனுக்குச் சோறிடும்பொழுது பானையை எட்டிப் பார்த்தல் சைவர் வழக்கமன்று. இளையான்குடிமாற நாயனார் செய்தது என்னை? செல்வம் பெருகியிருந்த காலத்தும் அடியார்க்கு அமுதளித்தார். அது சுருங்கிய காலத்தும் அளித்தார். நிலத்தை விற்றும் கடன்பட்டும் அளித்தார். மழை பெய்ததோர் இரவிலே, மனையில் ஒன்றுமில்லாத நிலையிலே, வந்த அடியவர்பொருட்டு, அன்று பகலில் வயலிலே வித்திய முளைநெல்லையே இருளிற் காலால் வழி தடவிச் சென்று வாரிக்கொணர்ந்தார். விறகில்லை என்றபொழுது வீட்டுக் கூரையின் கொம்பையே அறுத்து வீழ்த்தினார். இவர் அளவறிந்து கொடுத்தாரா? அளவறிந்து கொடுத்திருப்பாராயின் தனியடியாருள் வைத்து எண்ணப்படுவாரா? இறைவன் தருவான் என்னும் உறுதியில்லாதவர்க்கே வரவுசெலவுக் கணக்கு வேண்டும் என்பது அவர் கூற்று.

இக்கூற்று வலியுடையது. எம்மை நெடுநாள் மயக்கியதும் இதுவே. நாயனார் செயலுக்கு ஒரு தடையும் கூறாமலே இதற்கு விடை காணல் வேண்டும். அவர் செயலைக் குறைத்துரைத்துப் பெறும் விடை விடையாகாது.

திருக்குறளிலே இவ்விடைக்கு ஒரு வாயில் உளது. வள்ளுவனார் ஈகையென ஓர் அதிகாரமும், அதன்முன் ஒப்புரவறிதலென ஓர் அதிகாரமும் அறத்துப்பாலின் இல்லறவியலுள் வைத்தார். அவ்விரண்டனுள் எங்கும், இவ்வளவே கொடுக்க என்று ஓர் எல்லை இடப்படவில்லை. மாறாக, ஒப்புரவினால் ஒருவனுக்குக் கேடு வருமாயின், தன்னை விற்றாயினும் கொள்ளத்தக்கது அக்கேடு என்னும் கருத்தே அங்குக் காணப்படுகின்றது. அவ்வாசிரியரே பொருட்பாலின் அரசியலுள் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், கொடுப்பவன் தன் பொருளின் அளவறிந்து கொடுத்தல் வேண்டுமென்றும், அளவறியாதான் வாழ்க்கை இருப்பதுபோற் காட்டி இல்லையாகிவிடுமென்றும் கூறுகின்றார். ஒருவரே ஈரிடத்து இருவகையாகக் கூறியது முரணன்று. இல்வாழ்வான் கொடுப்பது தன் பொருள். அரசன் கொடுப்பது குடிகளின் பொருள். அவன் கெட்டால் அவனோடு கெடுவார் பலர். தன்னதைக் கொடுப்பானுக்கு எல்லையின்மை அழகு. பிறரதை வைத்துக் காப்பானுக்கு எல்லையறிதல் கடன்.

இனிப் பள்ளி நடத்துவோன் இவ்விருவருள் யாவன்? தன் வீட்டு நெல்லைத் தானே கொடுக்கும் அளவும் அவன் இல்வாழ்வான். பிறரிடம் ஒரு ரூபாய் வாங்கிய அன்றே அவன் மற்றொரு நிலையிற் புகுந்துவிட்டான். அவன் கையிலுள்ளது ஆசிரியர்க்கு அடுத்த திங்கள் கொடுக்கவேண்டிய சம்பளம்; அப்பிள்ளைகட்கு அடுத்த ஆண்டு வாங்கவேண்டிய புத்தகம். அதனை எடுத்து இன்று வாயிலில் நிற்கும் புதுப்பிள்ளைக்குச் செலவிடுவானாயின், அவன் வாரியது தன் வயலின் வித்தன்று, பிறன் வயலின் வித்து. நாயனார் அது செய்யவில்லை.

மற்றும் ஒரு வேற்றுமை. விருந்து ஒரு வேளையோடு முடியும். அன்றிரவு அமுதுசெய்தவர் மறுநாள் தம் வழிச் செல்வர். பள்ளியிற் சேர்த்த பிள்ளைக்கு நாம் கொடுப்பதோ ஒரு வேளைச் சோறன்று, பத்தாண்டு வாக்கு. அரிச்சுவடி எடுத்துக் கொடுத்த கை, அப்பிள்ளை தானே படிக்கும் நிலை எய்தும்வரை விலகமாட்டேன் என்று சொல்லாமற் சொல்லிய கையாகும். அவ்வாக்கைப் பாதியிற் பிழைத்தல், முதலிலே கொடாதிருந்ததினும் கொடிது. இது நூலிற் படித்து யாம் எழுதுவதன்று.

சில ஆண்டுகட்கு முன்னர், எம்மூர்த் திருக்கோயிலை அடுத்த ஒரு பழைய மடத்தின் கூடத்திலே நடந்த மாலைப்பள்ளி ஒன்றிற்குக் கணக்கெழுதும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் கூலிவேலை செய்வார் பிள்ளைகள் அதிற் படித்தனர். 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ள எல்லாச் சிறார்க்கும் இலவசக் கல்வி உரிமையாயிற்று. தமிழ்நாட்டரசின் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வழங்கத் தொடங்கினர். இவை பெருநன்மைகளே. ஆயினும் சூளை எரியும் மாதங்களிலே பெற்றோருடன் ஊர்விட்டு ஊர் செல்லும் பிள்ளை, பெயர்ப்பதிவேட்டில் ஐந்தாம் வகுப்பிலும் எழுத்தறிவில் முதல் வகுப்பிலும் நிற்கும். அத்தகையாரை மாலையில் இருத்தி, விட்ட இடத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படிப்பிப்பதே அப்பள்ளியின் வேலை. பதினான்கு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். வெள்ளிக்கிழமை தோறும் கோயில் வாயிலில் வைத்த உண்டியலும், இருபது முப்பது வீட்டார் திங்கள்தோறும் தந்த சிறு தொகையுமே வருவாய்.

மூன்றாம் ஆண்டிலே வணிகர் ஒருவர் வந்து கண்டு மனங்கசிந்து, முன் எல்லாருந் தந்ததன் மூன்று மடங்கு தொகையைத் திங்கள்தோறும் தாமே தருவதாகக் கூறினார். தரவுஞ் செய்தார். எமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சிறு தொகை தந்தவர்களிடம் போய் வாங்கி வருவதை நிறுத்தினோம். அது பெருஞ் சிரமம், இனி எதற்கு என்றிருந்தோம். ஒரு கோடை விடுமுறைக்குள் ஐம்பது பிள்ளைகளை மேலும் சேர்த்தோம்; வேறொரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம்; ஆசிரியர் நால்வரைப் புதிதாக அமர்த்தினோம். பதினான்கு மாதங் கழித்து அவர் வாணிகம் நொடித்தது. அவர்மேற் குற்றமில்லை, இயன்ற அளவும் தந்தார். மூன்று திங்கட் சம்பளம் நின்றது. ஆசிரியர் மூவர் விலகினர். வாடகை வீட்டை விட்டோம். முப்பத்தெட்டுப் பிள்ளைகளிடம், நாளை முதல் வரவேண்டா என்று கூறினோம். கூறியது யாமே.

அவர்களுள் ஒரு பெண்குழந்தை மறுநாளும் வந்தது. உள்ளே வரவில்லை. மடத்துத் திண்ணையில் அமர்ந்து, உள்ளே பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத் தானும் உதடசைத்துக் கொண்டிருந்தது. ஆறு நாள் அங்ஙனம் வந்தது. ஏழாம் நாள் வரவில்லை. ஏன் உள்ளே அழைக்கவில்லை என்று கேட்பீராயின், ஒருவரை அழைத்தால் முப்பத்தெழுவரையும் அழைக்கவேண்டும் என்று அஞ்சினோம் என்பதே விடை. அவ்விடை அன்று எமக்குப் போதுமானதாகத் தோன்றியது.

பழையார் இவ்வகையில் எம்மினும் விழிப்புடையராயிருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பயில்வார் அறிவர். திருக்கோயிலில் ஒரு நுந்தாவிளக்கு எரிக்க விழைந்தவன் ஒருநாட் குடம் நிறைய நெய்யைக் கொணர்ந்து ஊற்றிவிட்டுப் போகவில்லை. தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தான். நாடோறும் ஓர் உழக்கு நெய் அளப்பதென்று இடையர் அவற்றை ஏற்றனர். ஆடு சாகும், மூக்கும், குட்டியும் ஈனும். ஆதலின் எண்ணிக்கை குறையாமல் நிறுத்தல் ஏற்றவர் கடன். அவ்வாட்டுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயரிட்டனர். ஆடு சாவாதது அன்று, அறஞ் சாவாதது. அரைவிளக்குக்கு நாற்பத்தெட்டு ஆடு கொடுத்தோரும் உளர். தன்னால் இயல்வது அரைவிளக்கே என்று கண்டவன் வெட்கப்படாமல் அதனைக் கல்லிலும் வெட்டுவித்தான். முழுவிளக்கென்று பெயர் சொல்லி ஆறு திங்களில் இருளவிடுவதினும் அது மேலென்று அவன் அறிந்திருந்தான் போலும்.

காசாகக் கொடுத்தவர்களும் அங்ஙனமே. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களிலே, முதற்காசு ஊர்ச்சபையாரிடம் பொலியூட்டாக வைக்கப்பட்டு, காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசையாக வர, அப்பொலிசையினின்றே செலவு நடந்ததைக் காண்கின்றோம். முதலைத் தொடவில்லை. இராசேந்திர சோழர் காலத்து எண்ணாயிரம் என்னும் ஊரிலிருந்த கல்விச்சாலையிலே மாணாக்கர் முந்நூற்று நாற்பதின்மரும் ஆசிரியர் பதினால்வரும் இருந்தனர். அவர்க்கு நாற்பத்தைந்து வேலி நிலம் விடப்பட்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் நாடோறும் அளக்கவேண்டிய நெல் இவ்வளவென்பதும் அங்கே எழுதப்பட்டுளது. அது வேதமும் சாத்திரமும் ஓதுவார்க்கான சாலை. ஏழைச் சிறார்க்கென எழுந்ததன்று. அக்குறையை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும், முதலில் நிலம், பின் நெல், அந்நெல்லுக்குத் தக்க தலைகள் என்னும் அவ்வொழுங்கை எவரிடத்துங் கற்கலாம்.

இக்காலத்துச் செல்வர் பலர் கட்டடத்துக்குக் கொடுக்க முன்வருவர்; ஆசிரியர் சம்பளத்துக்குக் கேட்டால் கை சுருங்கும். கட்டடத்திற் பெயர் பொறிக்கலாம்; சம்பளத்தில் எங்ஙனம் பொறிப்பது? ஆனாற் கட்டடம் ஒருமுறைச் செலவு, ஆசிரியர் என்றுமுள்ள செலவு. பெரிய கட்டடம் பெற்ற சிறு பள்ளி, யானையைப் பரிசிலாகப் பெற்ற புலவன் வீடு போலாகும். தீனி போடவே வீடு விற்கவேண்டும்.

ஏழைப் பிள்ளைகளின் கல்வியை நம்மவருள் முதன்முதற் பெருமுயற்சியாக எடுத்து நடத்தியவர் நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879). அவர் செய்ததை வரிசையாக நோக்கினால் இவ்வாராய்ச்சிக்குப் பெரியதொரு வெளிச்சம் கிடைக்கின்றது. பலரும் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியதிலிருந்தே கதையைத் தொடங்குவர். அதன்முன் நடந்தவையே யாம் கவனிக்கவேண்டியவை. அவர் பேர்சிவல் பாதிரியாருடைய பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, தம் வீட்டில் மாணாக்கர் சிலரை இருத்தி இலக்கண இலக்கியங்களும் சைவமும் தனியே பயிற்றினார். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தைச் செய்து, அதன்பின் வெள்ளிதோறும் தொடர்ந்து நடத்தினார். ஆகவே, பாடசாலை என்று ஒன்று எழுந்தபொழுது கற்பிக்க ஆசிரியரும், தாங்க ஊரும் ஒருவாறு ஆயத்தமாயிருந்தனர். தம்மிடம் கற்றவரையே ஆசிரியராக அமைத்தார். முதலில் மனிதர், அதன்பின்னரே சாலை.

தொடங்கிய மறு ஆண்டு அவர் செய்தது இரண்டாம் பள்ளி திறத்தலன்று. 1849 இல் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையுடன் கடல்கடந்து சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். பிள்ளைகளின் கையிற் கொடுக்கப் பாலபாடம் இல்லையெனில் பள்ளியைப் பெருக்கி என் பயன்? நூல் அச்சாயிற்று, அதன்பின் எவ்வூரிற் பள்ளி எழுந்தாலும் அந்நூல் அங்குச் செல்லும். சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவியது 1864 ஆம் ஆண்டு. இரண்டுக்கும் இடையே பதினாறு ஆண்டு. அதற்குள் அவர் எழுதியும் பதிப்பித்தும் குவித்தவற்றை நினைப்பின், அப்பதினாறாண்டும் சோம்பியிருந்த காலமென்று எவருங் கூறார்.

அவர் பள்ளிக்குப் பொருள் வந்த வகைகளுள் ஒன்று பிடியரிசி. வீட்டிலே உலையிலிடும் அரிசியினின்று ஒரு பிடி எடுத்து வேறு கலத்தில் இட்டுவைத்து, சேர்ந்தபின் பாடசாலைக்குக் கொடுத்தல். இதனைச் சிறிய வழியென்று எண்ணற்க. செல்வர் ஒருவர் தரும் ஆயிரம், அவர் மனம் மாறினும் வாணிகம் மாறினும் நின்றுபோம். ஆயிரம் வீட்டு ஆயிரம் பிடி ஒருங்கே நில்லாது. அன்றியும், நாடோறும் அரிசி எடுக்கும் அம்மையாருக்கு அப்பள்ளி தம் பள்ளியாகின்றது. அடுத்த வீட்டுப் பிள்ளை படிக்கின்றதா என்று அவர் கேட்கத் தொடங்குவார். பொருளுடன் காவலும் வந்து சேர்கின்றது. யாம் வணிகர் வந்தவுடன் சிறு கொடையாளரைக் கைவிட்டோமே, அப்பொழுது இழந்தது பணமன்று, இக்காவல். இதனை அறிய எமக்கு இரண்டாண்டு சென்றது.

இப்பிடியரிசியை நினைக்குந்தோறும் திருவீழிமிழலை நினைவுக்கு வருகின்றது. பஞ்சம் வந்தபோது திருநாவுக்கரசு சுவாமிகளும் திருஞானசம்பந்த சுவாமிகளும் அங்கே அடியார்க்கு அமுதளித்தனர். இறைவர் அவர்க்குப் பொற்குவியல் ஒன்றை ஒருநாளில் கொடுத்திருக்கலாம். கொடுப்பதில் அவர்க்கு என் குறை? நாடோறும் ஒவ்வொரு காசே பீடத்தில் வைத்தருளினார். அன்றைக்கு அன்று. அக்காசினுள்ளும் அரசருக்குக் கிடைத்தது வாசியில்லாதது. பிள்ளையாருக்குக் கிடைத்தது வாசியுடையது. அதனால் அவர் மடத்தில் அமுது காலந்தாழ்த்தது. உழவாரப் படையுடன் கைத்தொண்டு செய்தவர் காசுக்கு வாசியில்லை என்று பெரியோர் கூறுவர். அறச்சாலைக்கு வரும் பொருளுள், நடத்துவோர் தம் உடலுழைப்பும் கலந்த பொருள் குறையாமற் செல்லுபடியாகும் என்பது எம் துணிபு.

நாவலரவர்களும் ஒருமுறை தளர்ந்தனர் என்பதை மறைத்தல் அவர்க்குச் செய்யும் பெருமையன்று. 1872 இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையை நிறுவினார். சில ஆண்டுகளுள் அது பொருள் முட்டுப்பாட்டால் நின்றது. யாம் கருதுவது இது: தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் அவர் கையிலே வளர்ந்தவர், ஆங்கிலப் பள்ளிக்கு ஆசிரியர் சம்பளத்துக்கு வரவேண்டியவர். பிடியரிசி முன்னதைத் தாங்கும், பின்னதைத் தாங்காது. ஊரார் இன்னும் பழுக்கவில்லை. அவர் மறைந்து பதினோராண்டின் பின், 1890 இல், சைவபரிபாலன சபையாரால் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்து நிலைத்தது. முன்னது வீணாயிற்று என்று கூற யாம் உடன்படோம். ஆனால் அவ்விடைக்காலத்திலே பள்ளியிழந்த பிள்ளைகளுக்கு, பின்னால் எழுந்த கல்லூரி என் செய்யும்?

அரசு உதவியை நம்பிப் பெருகுதலும் ஆராயத்தக்கதே. சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923 இல் தோன்றி, சு. இராசரத்தினம் அவர்களின் உழைப்பால் யாழ்ப்பாணத்திலே நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது. அரசின் நன்கொடை பெற்ற அப்பாடசாலைகள் 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி அரசின் கைக்குச் சென்றன. பிள்ளைகள் கல்வியிழக்கவில்லை, ஆதலின் இதனைக் கேடென்று சொல்லமாட்டோம். சென்னை மாநகராட்சியார் 1920 இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே தொடங்கிய பகலுணவின் வரலாறோ வேறு. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பிறகு வேறு நான்கு பள்ளிகளுக்கும் பரவிற்று, பிள்ளைகள் பெருகினர். தொடக்கக் கல்வி நிதியினின்று அச்செலவைச் செய்ய மேலிடத்து அரசு இசையாமையால் 1925 இல் நின்றது. மாகாணம் முழுதும் அது பரவக் காமராசர் காலத்து 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முப்பத்தோராண்டு!

இனிச் சித்தாந்தத்தின்பாற் செல்வாம். ஆணவமலம் தீய செயல்களிலேதான் இருக்குமென்று எண்ணுவார் அதனை அறிந்தவரல்லர். அதற்கு நற்செயலே விருப்பமான இருப்பிடம். அங்கே எவரும் அதனைத் தேடமாட்டார். நல்வினையும் பொன்விலங்கே என்று ஆசிரியர் கூறுவது இதுபற்றி. யான் நடத்தும் பள்ளி, என் பிள்ளைகள், சென்ற ஆண்டு இத்தனை பேர், இவ்வாண்டு அத்தனை பேர் என்று கணக்குக் கூறும் நாவிலே அது இனிது வீற்றிருக்கின்றது. பள்ளி பெருகவேண்டும் என்னும் ஆவல் அறத்தினின்று எழுந்ததா, ஆணவத்தினின்று எழுந்ததா என்று அறிய யாம் ஓர் உரைகல் வைத்திருக்கின்றோம். நம் வாயிலில் இடமின்றி நிற்கும் பிள்ளையை, அடுத்த தெருவிலுள்ள மற்றொரு பள்ளியார் வந்து அழைத்துச் சென்றார்களாயின் நம் மனம் என் செய்கின்றது? மகிழுமாயின் அறம். சிறிது சுருங்குமாயின், மற்றதை வாசகர் அறிவர். எம் மனம் ஒருமுறை சுருங்கியதை யாம் அறிவேம்.

பொறுத்து வளர்த்தலுக்கும் சித்தாந்தத்தில் இடமுண்டு. முற்றறிவும் முடிவிலாற்றலும் உடைய இறைவன், உயிர்களனைத்தையும் ஒரு கணத்தில் வீடு சேர்க்காமல், மலம் பரிபாகம் எய்துமளவும் மறைந்து நின்று நடத்துகின்றான். அம்மறைப்பைத் திரோதாயி என்றும், அது மலத்துடன் நின்று தொழிற்படுதலின் உபசாரத்தால் மலமெனப்படும் என்றும், உண்மையில் அருளே என்றும் நூல்கள் கூறும். ஒரே கதிரவன்முன் ஒரு தாமரை மலர, மற்றொன்று மொட்டாய் நிற்கின்றது. சத்திநிபாதமும் நால்வகைப்படும்; சரியை முதலியனவும் படியேறிச் செல்வன. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, மெல்ல வளர்த்தலே சிவனார் திருவுள்ளம் என்று ஒரு கூட்டத்திலே ஒருவர் அழகுறப் பேசக் கேட்டேம். எல்லாரும் கைதட்டினர்.

ஆயின் இவ்வுவமையைக் கடைபோக ஓட்டுதல் ஆகாது. இறைவன் தாழ்ப்பது உயிரின் பக்குவம் நோக்கி. தன்னிடம் பொருளின்மையால் அன்று. யாம் தாழ்ப்பதோ பிள்ளையின் பக்குவம் நோக்கியன்று. எம் கைப்பொருளின் குறை நோக்கியே. திண்ணையில் இருந்து உதடசைத்த குழந்தைக்கு என்ன பக்குவக்குறை? அதன் பக்குவம் முற்றியே இருந்தது. எம் பெட்டியே முற்றவில்லை. எம் வறுமைக்கும் எம் பிழைக்கும் திரோதாயி என்று பெயரிடுதல் சிவநிந்தையை அடுத்தது. மேலும், பிள்ளைப்பருவம் காத்திராது. விளக்குக்கு ஆடு சேரும்வரை கருவறை இருண்டிருந்தால் மறுநாள் ஏற்றலாம். ஏழு வயதுக் குழந்தை அடுத்த ஆண்டும் ஏழு வயதில் நில்லாது. அளவறிந்து வளர்ப்பவனுக்கும் கடன் தீரவில்லை. அவன் செய்தது இரண்டு தீமையுள் சிறியதைத் தேர்ந்ததே.

இவ்வுணர்ச்சி வந்தபின்னரே எம் மாலைப்பள்ளி வேறு வகையாக நடக்கலாயிற்று. வீட்டார் சிறு தொகைக்கு மீண்டும் நடந்தோம். சிலர் முதலில் கதவு திறக்கவில்லை, அது நியாயமே. எவர் கொடையாயினும் ஆண்டுச் செலவில் நாலிலொரு பங்குக்கு மேற்படுமாயின், மிகுதியை அவ்வாண்டிற் செலவிடாமல் முதலாக வைப்பதென்று முடிவு செய்தோம். பத்துத் திங்கட் சம்பளம் கையிருப்பில் இருந்தாலன்றிப் புதிய வகுப்பு இல்லை. எங்கள் பள்ளியிலே படித்து மேல்வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளுள் இருவர், ஓராண்டு ஆசிரியர் அருகிருந்து பழகி, பின் தாமே சிறு வகுப்பை ஏற்றனர். ஓராண்டு ஆறு பிள்ளைகளும், மற்றோராண்டு ஒன்பது பிள்ளைகளும் கூடினர். ஓராண்டு ஒருவருங் கூடவில்லை. அவ்வாண்டு கூட்டத்திலே, பள்ளி வளரவில்லையே என்று ஒருவர் வருந்தினார். ஆசிரியர் ஒருவர் எழுந்து, சென்ற ஆண்டு எழுத்துக்கூட்டியவர்கள் இவ்வாண்டு கதைப்புத்தகம் படிக்கின்றனர், வேறெது வளரவேண்டும் என்று கேட்டார்.

இடமில்லையென்று திருப்பியனுப்பும் பிள்ளைகட்கென ஒரு தனிப்புத்தகம் வைத்தோம். பெயர், அகவை, பெற்றோர் வேலை, வீடு, அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்க முயன்றது என்று, சேர்ந்தது இன்னதென்று அதில் எழுதுவோம். சேர்த்த பிள்ளைகளின் பதிவேட்டை ஆண்டுவிழாவிற் காட்டுவோம். இப்புத்தகத்தை நிருவாகக் கூட்டத்தின் தொடக்கத்திலே ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். படித்து முடியுமளவும் வேறு பேச்சில்லை. சென்ற ஆனித் திங்களிலே அதில் பதினொரு பெயர்கள் இருந்தன. நால்வர்க்கு இடம் கண்டோம். இருவர் குடும்பத்தோடு வேறூர் சென்றுவிட்டனர். மூவரை அரசுப் பள்ளியிற் சேர்த்து, மாலையிற் படிக்க ஓர் ஆசிரியை வீட்டில் ஏற்பாடு செய்தோம். எஞ்சியவர் இருவர். அவர்கள் பெயர் அடுத்த பக்கத்தின் தலையில் எழுதப்பட்டிருக்கின்றது. திண்ணையிலிருந்த அப்பெண்குழந்தையின் பெயரை முதற் பக்கத்திலே எழுத விரும்பினோம். பழைய பதிவேடுகளைத் தேடினோம். அவசரத்திற் சேர்த்த அவ்வாண்டிலே, பலர்க்குப் பெயரைக்கூட ஒழுங்காக எழுதவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது.